கொழும்பில் மலிவாகத் தங்க: புறக்கோட்டையா, வெள்ளவத்தையா, கல்கிசையா?

முதுகில் ஒரு பையோடு கொழும்பில் வந்து இறங்குகிறவர்கள் அறை தேடும்போது ஓர் இரவுக்கு எவ்வளவு என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். ஆனால் இந்த ஊரில் கைக்காசு கரைவது பகல் 11 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில். வெயில் ஏறியதும் கால் தளரும். அரைக் கிலோமீற்றருக்கும் ஓட்டோ பிடிக்கத் தோன்றும். குளிரான இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்பதற்காகவே விலை கூடிய கோப்பி ஒன்றைச் சொல்வீர்கள். அரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல் ஒன்று முடிய இன்னொன்று வாங்குவீர்கள். அறை வாடகையில் மிச்சம் பிடித்த காசு பொழுது சாய்வதற்குள் போய்விடும்.

அதனால் மூன்று பகுதிகளையும் ஒரே கேள்வியை வைத்து ஒப்பிடுகிறோம். மத்தியானம் 1 மணிக்கு, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், ஓட்டோ பிடிக்காமல் உங்கள் கட்டிலுக்குத் திரும்ப முடியுமா? திரும்பினால் அந்த அறையில் கண்ணயர முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால், வாடகை கொஞ்சம் கூடினாலும் அந்த அறைதான் மலிவு.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறோம். இரண்டு இரவோ அதற்கு மேலோ என்றால் வெள்ளவத்தை. ஒரே இரவு, விடியற்காலை ரயில் என்றால் கோட்டை, புறக்கோட்டைப் பக்கம். டிசெம்பரிலிருந்து மார்ச் வரையான மாதங்களில் கடலுக்காகவே வருகிறீர்கள் என்றால் கல்கிசை.

வெப்பமும் காற்றும்

கொழும்பு கிட்டத்தட்ட 7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரலின் முதல் பாதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அப்போது மதிலோரத்தில்கூட ஒதுங்க நிழல் இராது. வெப்பமானி 31, 32 பாகைதான் காட்டும். மதுரையில் மே மாதத்து 40 பாகையைப் பார்த்தவர்களுக்கு அது ஒன்றுமில்லை போலத் தெரியலாம். வித்தியாசம் ஈரப்பதனில் இருக்கிறது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். இங்கே காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். நிழலில் நின்றாலும் ஆறாது, காற்றுப் பட வேண்டும்.

காற்று வருவது கடலிலிருந்து. காலை 10, 11 மணியளவில் கடற்காற்று எழும்பி, பின்னேரம் வரை வீசும். கரையோரத்தில் அதை நன்றாக உணரலாம். நெருக்கமான கட்டடங்களுக்குள் சில நூறு மீற்றர் போனாலே காணாமல் போய்விடும். மூன்று இடங்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இந்தக் காற்றுத்தான். மற்றப் பாதி ரயில்.

கோட்டை நிலையத்திலிருந்து தெற்கே போகும் கரையோரப் பாதையில் செக்கிரட்டேரியட், கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை என்று நிலையங்கள் வரிசையாக வரும். கொள்ளுப்பிட்டியிலிருந்து தண்டவாளம் கடலை ஒட்டியே ஓடும். தெற்கே போகும்போது வலது பக்கம் நில்லுங்கள், காற்று முகத்தில் அடிக்கும். கோட்டையிலிருந்து வெள்ளவத்தை சுமார் 8 கிலோமீற்றர், கல்கிசை சுமார் 12. மெதுவாகப் போகும் ரயிலிலும் கல்கிசைக்கு அரை மணி நேரம் போதும். மூன்றாம் வகுப்புப் பயணச்சீட்டு ஒரு தேத்தண்ணி விலைக்குக் கிட்டத்தட்ட வரும். காலி, மாத்தறைக்குப் போகும் கடுகதி ரயில்கள் சின்ன நிலையங்களில் நிற்காமல் போய்விடும் என்பதால், ஏறுமுன் இன்ன நிலையத்தில் நிற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புறக்கோட்டையும் கோட்டையும்

பெயர்தான் கோட்டை ரயில் நிலையம். அது நிற்பது புறக்கோட்டையில், ஒல்கொட் மாவத்தையில். தூர பஸ்களும் இங்கேயேதான் புறப்படும். விமான நிலையத்திலிருந்து வரும் 187 இலக்க பஸ் வந்து சேர்வதும் இந்தப் பக்கம்தான். இறங்கி ஐந்து நிமிட நடையில் கட்டில் கிடைக்கும் என்பது இந்த இடத்தின் பெரிய பலம். விடியற்காலையில் கண்டிக்கோ பதுளைக்கோ அநுராதபுரத்துக்கோ ரயில் ஏறுகிறவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை.

இங்கே இரண்டு விதமான இடங்கள் இருக்கின்றன, இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது. ஒன்று, புறக்கோட்டையிலும் மருதானைப் பக்கமும் உள்ள பழைய லொட்ஜ்கள். வியாபார வேலையாக வந்து ஓர் இரவு படுத்து எழும்புகிறவர்களுக்கான அறைகள் அவை. வாடகை குறைவு. பெரும்பாலான அறைகளில் ஜன்னல் தெருவைப் பார்க்காது, கட்டடத்தின் நடுவில் விட்ட வெளிச்சக் குழியைப் பார்க்கும். காற்று அசையாது, ஃபேன் அதே சூட்டைத்தான் கிளறும். மற்றது, கோட்டைப் பகுதியில் வெளிநாட்டுப் பயணிகளுக்காக நடக்கும் ஹொஸ்டல்கள். ஒரு அறையில் ஆறு, எட்டுக் கட்டில், பூட்டக்கூடிய பெட்டி, ஏசி. இங்கே முன்பதிவுக்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: பகலில் ஏசி ஓடுமா? பல இடங்களில் காலையில் நிறுத்தி இரவில்தான் போடுவார்கள். அப்படியென்றால், பணம் கொடுத்து எடுத்த ஏசிக் கட்டில் மத்தியானத் தூக்கத்துக்கு உதவாது.

பகலில் புறக்கோட்டைக்குள் நடப்பது பாரம். குறுக்குத் தெருக்களில் கடைக்கு வெளியே துணி கட்டி நிழல் போட்டிருப்பார்கள், அந்த நிழலே காற்றையும் மறித்துவிடும். மூட்டை வண்டி தள்ளும் நாட்டாமிமார் குரல் கொடுத்தபடி வருவார்கள். முதுகில் 50 லீற்றர்ப் பையோடு நிற்கிறவர் அவர்களுக்கும் இடைஞ்சல், தனக்கும் ஆபத்து. காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள் சுற்றிவிட்டு வெளியேறுவதுதான் சரி. அந்த நேரத்துக்குள் செட்டியார் தெருவில் பழைய, புதிய கதிரேசன் கோயில்கள், இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909இல் கட்டி முடிந்த சிவப்பு வெள்ளைப் பள்ளிவாசல், அப்படியே நடந்து கொச்சிக்கடையில் கருங்கல்லாலான பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், புனித அந்தோனியார் தேவாலயம் எல்லாம் பார்த்துவிடலாம். கோயில்கள் மத்தியானம் நடை சாத்திவிடும் என்பதாலும் காலைதான் பொருத்தம்.

ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமி விடுமுறையான போயா நாளும் கடைகளில் பெரும்பாலானவை பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்திலும் பல கடைகள் சிறிது நேரம் மூடும். இரவு 7, 8 மணிக்குப் பிறகு தெருக்கள் வெறிச்சோடும். தனியாக வரும் பெண்களுக்குப் புறக்கோட்டை லொட்ஜ்களை நாங்கள் சொல்ல மாட்டோம். கோட்டைப் பக்கத்து ஹொஸ்டலில் பெண்களுக்கென்று தனி அறை இருந்தால் எடுக்கலாம்.

வெள்ளவத்தை

கொழும்பு 06. வரைபடத்தில், காலி நகருக்குப் போகும் காலி வீதி ஊரை இரண்டாகப் பிரிப்பது தெரியும். மேற்கே கடல் பக்கம், கிழக்கே தரைப் பக்கம். கடல் பக்கத்தில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவே ராமகிருஷ்ண வீதி, சார்லிமொன்ட் வீதி போல ஒழுங்கைகள், அதாவது சின்னத் தெருக்கள், வரிசையாக ஓடும். மரைன் டிரைவைத் தாண்டினால் தண்டவாளம், அதற்கப்பால் பாறை, கடல். காலி வீதியிலிருந்து கடல் வரை நடந்தால் சில நிமிடம்தான். அந்தக் குறுகிய துண்டுக்குள் அறை, சாப்பாடு, மருந்துக்கடை, ரயில், பஸ், கடற்காற்று எல்லாம் அடங்கிவிடுகின்றன.

வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கடவுச்சீட்டு, தூதரகம், வைத்தியசாலை என்று கொழும்புக்கு வருகிற தமிழ்க் குடும்பங்கள் பல காலமாக இங்கேதான் தங்குகின்றன. அதனால் நாள் வாடகை அறைகளும் ஒன்றிரண்டு அறை கொண்ட அனெக்ஸ்களும் ஒழுங்கைக்கு ஒன்றாவது இருக்கும். இவற்றில் பல இணையத்தில் இல்லை. மதிலில் தமிழில் எழுதித் தொலைபேசி இலக்கத்தோடு ஒரு பலகை தொங்கும், அவ்வளவுதான். முதல் இரவை மட்டும் இணையத்தில் பதிந்துவிட்டு, அடுத்த நாள் காலை இரண்டு ஒழுங்கைகளில் நடந்து விசாரித்தால் நல்ல அறை அகப்படும். கடவுச்சீட்டுப் பிரதி கேட்பார்கள், இரண்டைக் கையில் வைத்திருங்கள். ‘ஐயா, அம்மா’ என்று மரியாதையாகக் கேட்டு, எத்தனை நாள், எத்தனை பேர் என்று முதலிலேயே சொல்லுங்கள். மூன்று நாளுக்கு மேல் என்றால் வாடகையைக் குறைத்துத் தரச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. ஒரே அறைக்கு இரண்டு விலை இருப்பதும் வழக்கம். ஏசிக்கு ஒன்று, ஃபேனுக்கு ஒன்று. ஃபேன் விலைக்கு எடுத்தால் ஏசி ரிமோட்டைத் தர மாட்டார்கள்.

அறையைப் பார்க்கப் போவது மத்தியானம் 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் இருக்கட்டும். மாலை 6 மணிக்கு எந்த அறையும் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே போனதும் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். சுவர் சூடாக இருந்தால், அந்தச் சூட்டை அது நடுச்சாமம் வரை அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். மேல்மாடியில், கொங்கிரீட் தட்டுக்கோ அஸ்பெஸ்டஸ் கூரைக்கோ நேர் கீழே உள்ள அறையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள், ஒரு மாடி கீழே கேளுங்கள். கடலைப் பார்த்த அறை என்று சொல்லி விலை கூட்டுவார்கள். கடல் இருப்பது மேற்கில், ஆகவே பிற்பகல் முழுக்க வெயில் நேரே ஜன்னலுக்குள் விழும். ஒழுங்கையைப் பார்த்தபடி வடக்கிலோ தெற்கிலோ ஜன்னல் உள்ள அறையில் காற்றும் வரும், வெயிலும் விழாது, விலையும் குறைவு.

அடுத்தது ஃபேன். முழு வேகத்தில் போட்டு இரண்டு நிமிடம் கீழே நில்லுங்கள். வியர்த்த கழுத்தில் குளிர் பட வேண்டும். ஃபேன் சோம்பலாகச் சுற்றினால் பெரும்பாலும் கப்பாசிற்றர் போயிருக்கும். மாற்றுவது சின்ன வேலை, சின்னச் செலவு. சொன்னால் அன்றைக்கே மாற்றித் தருகிற வீட்டுக்காரர்கள் உண்டு. பிறகு ஜன்னலைத் திறந்து, கதவுக்கு மேலே காற்றுப்போக்கி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மெல்லிய காகிதத்தை அதன் முன்னால் பிடித்தால் ஆடுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். காற்று உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி வேண்டும். ஒரு ஜன்னல் மட்டும் இருந்தால், அதை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் காற்று ஓடாது. ஜன்னலில் நுளம்பு வலை இருக்கிறதா, கிழியாமல் இருக்கிறதா என்பதும் முக்கியம். வலை இல்லாவிட்டால் பொழுதுபட ஜன்னலைச் சாத்த வேண்டி வரும், பார்த்துப் பார்த்து எடுத்த காற்றோட்டம் அதோடு சரி.

சுவர்ப் பிளக்கையும் பார்த்துவிடுங்கள். பழைய கட்டடங்களில் இந்தியாவில் உள்ளது போல உருண்டை முள் பிளக் போகும், புதியவற்றில் பிரித்தானியச் சதுர முள்தான். இரண்டுக்கும் பொருந்தும் அடாப்டரைக் காலி வீதியில் எந்த மின்சாமான் கடையிலும் வாங்கலாம்.

இந்த இடத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். காலி வீதியில் இரைச்சலும் புகையும் கூட, வீதியை ஒட்டிய அறையில் இரவு 11 வரை ஹோர்ன் சத்தம் கேட்கும். மரைன் டிரைவை ஒட்டிய அறையில் காலை ரயில் எழுப்பிவிடும். ஒழுங்கையின் நடுப்பகுதிதான் நல்லது. கடல் குளிப்பதற்கு ஏற்றதில்லை, பாறை. மாலையில் காற்று வாங்கப் போகிறவர்கள் தண்டவாளத்தில் நடப்பதைப் பார்த்து நீங்களும் இறங்காதீர்கள். அலைச் சத்தத்தில் ரயில் வருவது காதில் விழாது. இந்தப் பாதையில் அப்படியே உயிர்கள் போயிருக்கின்றன. ஆடிவேல் நாட்களில் செட்டியார் தெருவிலிருந்து வேல் இரதம் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் வரும். பார்க்க வேண்டிய விழா. அந்த நாட்களில் அறைகள் நிரம்பிவிடும், காலி வீதியில் வாகனங்கள் ஊரும். ஆகவே முன்பே பதிந்துவிடுங்கள்.

கல்கிசை

ரயிலை விட்டு இறங்கினால் மணல். மூன்றில் உண்மையான கடற்கரை உள்ள இடம் இதுதான், காற்றும் இங்கேதான் கூட. ஃபேன் அறையிலேயே மத்தியானம் நன்றாகத் தூங்கலாம். ஆனால் மணலை ஒட்டிய கடைகளில் சாப்பாட்டு விலை பயணிகளுக்கான விலை. காலி வீதிக்கு ஏறிப் போனால்தான் சாதாரணச் சோற்றுக் கடை கிடைக்கும். அந்தப் பத்து நிமிட ஏற்றத்தை மத்தியானம் 1 மணி வெயிலில் யாரும் ஏறுவதில்லை, மணலிலேயே சாப்பிட்டுவிடுகிறார்கள். நகரத்தைப் பார்க்கவும் இது தூரம். காலையில் கோட்டைக்குப் போனால் மத்தியானம் திரும்பி வந்து மறுபடி போக மனம் வராது.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும், உள்ளிழுக்கும் நீரோட்டமும் இருக்கும். சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் அளவுத் தண்ணீருக்கும் இறங்கக் கூடாது. கடலில் இறங்க முடியாத மாதத்தில் கல்கிசையில் தங்குவதில் பலனில்லை. வார இறுதியில் இரவு இசைச் சத்தமும் இருக்கும்.

கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டிப் பக்கத்தில் நல்ல ஹொஸ்டல்கள் உண்டு, வெள்ளவத்தையைவிட வாடகை கூட. கொட்டாஞ்சேனை தமிழர் செறிந்த இடம், சாப்பாடும் மலிவு. கரையோர ரயில் அங்கே போகாது என்ற ஒரே காரணத்துக்காக அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

போக்குவரத்து

ஓட்டோவுக்கு 2022க்குப் பிறகு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 100 ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு 800 ரூபாயைச் சுற்றி வரும். அதே தூரத்துக்குப் பஸ்ஸில் 100 ரூபாய்கூடப் போகாது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை அப்படி ஓட்டோ ஏறினால், ஃபேன் அறைக்கும் ஏசி அறைக்கும் உள்ள வித்தியாசத்தை விடக் கூடப் போகலாம். ஓட்டோ வேண்டியே இருந்தால் பிக்மீ அல்லது ஊபர் செயலியில் கூப்பிடுங்கள். வீதியில் மறித்தால், ஏறுமுன் ‘மீட்டர் போடுவீங்களா அண்ணா?’ என்று கேளுங்கள். தலையாட்டாவிட்டால் அடுத்ததைப் பாருங்கள்.

காலி வீதி முழுக்க 100, 101 இலக்க பஸ்கள் ஓடும். 100 பாணந்துறை, 101 மொரட்டுவை, இரண்டும் மறுமுனையில் புறக்கோட்டை. 138 புறக்கோட்டையிலிருந்து நகர மண்டபம் வழியாக நுகேகொடை, மகரகமைப் பக்கம் போகும். 1877இல் திறந்த தேசிய அருங்காட்சியகத்துக்கும் விகாரமகாதேவி பூங்காவுக்கும் நகர மண்டபத்தடியில் இறங்கி நடக்கலாம். பெயர்ப் பலகையில் தமிழும் இருக்கும், எழுத்து சிறிது, ஆகவே இலக்கத்தைப் பார்த்து ஏறுங்கள். கொண்டக்டரிடம் ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் மாற்றுக் காசு கிடைக்காது. 20, 50, 100 ரூபாய்த் தாள்கள் சட்டைப்பையில் தனியாக இருக்கட்டும். 2024 பெப்ரவரியிலிருந்து இந்திய யூபிஐ இங்கே கியூஆர் உள்ள கடைகளில் வேலை செய்கிறது, பஸ்ஸுக்கும் சோற்றுப் பார்சலுக்கும் காசுதான்.

பெரிய பையோடு பஸ்ஸும் ரயிலும் ஏறக் கூடாத நேரம் உண்டு. காலை 7 முதல் 9 வரை கோட்டையை நோக்கியும், மாலை 4.30 முதல் 6.30 வரை கோட்டையிலிருந்து வெளியேயும் அலுவலகக் கூட்டம் கதவில் தொங்கும். அந்த நேரத்தில் எதிர்த் திசையில் போனால் இருக்கை கிடைக்கும். வெள்ளவத்தையில் இருப்பவர் காலை 6.30க்கே கோட்டைக்குப் போய் 10.30க்குத் திரும்பினால் இரண்டு தடவையும் கூட்டத்திலிருந்து தப்பிவிடலாம்.

சாப்பாடும் தண்ணீரும்

மத்தியானச் செலவைக் குறைக்கச் சோற்றுப் பார்சலைப் போல ஒன்று இல்லை. தாளைப் பிரித்தால் சோறு மலை போல இருக்கும். பக்கத்தில் பருப்பு, ஒரு கீரை அல்லது சுண்டல், ஒரு மரக்கறி, மேலே மீன் துண்டோ கோழியோ முட்டையோ, ஓரத்தில் ஒரு பப்படம். குறைவாகச் சாப்பிடும் இருவருக்கு ஒரு பார்சல் போதும். 11.30க்கு மேல் கடை மேசையில் அடுக்கத் தொடங்குவார்கள். 12.30க்குள் வாங்கிவிடுங்கள். 2.30க்கு மீதமிருப்பது மூன்று மணி நேரம் சூட்டில் கட்டிக் கிடந்தது. தேங்காய்ப்பால் சேர்ந்த கறி இந்த வெக்கையில் சீக்கிரம் புளிக்கும், வயிற்றுப்போக்குக்கு அது ஒரு காரணம். வாங்கிய பார்சலை இரவுக்கு என்று வைக்கவும் கூடாது.

காலைக்கு வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் சைவக் கடைகள். இடியப்பம், சொதி, சம்பல் மலிவாகவும் வயிற்றுக்கு இதமாகவும் இருக்கும். நீங்கள் கேட்காமலே ஒரு தட்டு நிறைய வடையும் ரோல்ஸும் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். இனாம் என்று நினைத்துவிடாதீர்கள், முழுவதற்கும் காசு என்று பயப்படவும் வேண்டாம். எடுத்துச் சாப்பிட்டதை எண்ணித்தான் பில் போடுவார்கள். தொடாததை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இரவுக்குக் கொத்து ரொட்டி. ஒரு முழுக் கொத்து இருவருக்குத் தாராளம், ‘அரைக் கொத்து’ என்றும் கேட்கலாம்.

தண்ணீரில் கணக்குப் பாருங்கள். இந்த வெயிலில் நடக்கிற ஒருவருக்கு நாளைக்கு 3 முதல் 4 லீற்றர் வேண்டும். 2025 ஏப்ரலில் அரசு விதித்த உச்ச விலைப்படி அரை லீற்றர்ப் போத்தல் 70 ரூபாய், 5 லீற்றர்ப் போத்தல் 350 ரூபாய். அரை லீற்றராக வாங்கினால் 5 லீற்றருக்கு 700 ரூபாய். அதாவது சரியாக இரட்டிப்பு. பெரிய போத்தலை அறையில் வைத்து, ஒரு லீற்றர்ப் போத்தலில் நிரப்பி எடுத்துப் போங்கள். அறைக்கு மத்தியானம் திரும்புகிறவருக்குத்தான் இது சரிவரும். காலையில் போய் இரவில் திரும்புகிறவர் 4 லீற்றரை முதுகில் சுமக்க முடியாது. குழாய்த் தண்ணீர் குளோரின் போட்டு வருவதுதான், ஆனால் மொட்டைமாடித் தொட்டியில் தங்கி வருவதால் ஊரவர்களே கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள். அறையில் கேத்தில் இருந்தால் இரவில் கொதிக்க வைத்து ஆற விடலாம், காசே இல்லை.

வியர்வையோடு உப்பும் போகிறது. தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் மாலையில் தலை கனக்கும், கெண்டைக்கால் இழுக்கும். மருந்துக்கடையில் ஜீவனி என்ற உப்புக் கரைசல் தூளைக் கேட்டு வாங்கி, பொதியில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள். அளவைக் குறைத்துக் கெட்டியாகக் கரைக்கக் கூடாது. தெருவோரத்துச் செவ்விளநீரும் நல்லது. உங்கள் முன்னால் வெட்டச் சொல்லுங்கள்.

கொழும்பில் டெங்கு உண்டு, அந்த நுளம்பு கடிப்பது பகலில். மத்தியானத் தூக்கத்துக்கு முன் நுளம்பு மருந்தைக் காலில் பூசி, ஃபேனைப் போடுங்கள். காய்ச்சல் வந்தால் பனடோல் (பரசிற்றமோல்) மட்டும், அளவோடு. ஐபுபுரூஃபனும் அஸ்பிரினும் டெங்குவில் இரத்தக்கசிவைக் கூட்டும், தொடவே வேண்டாம். இரண்டாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தம் சோதிக்க வேண்டும். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தில் கூப்பிட்டால் இலவச அம்புலன்ஸ் வரும்.

உடுப்பு விஷயத்தில் ஒரே ஒரு சொல்: ஜீன்ஸ் கொண்டுவராதீர்கள். துவைத்தால் இரண்டு நாளிலும் காயாது, மணக்கத் தொடங்கும். மெல்லிய பொலியெஸ்டர் சட்டை இரவில் ஃபேனுக்குக் கீழே போட்டால் காலையில் காய்ந்திருக்கும். மூன்று சட்டை, இரண்டு கால்சட்டை, ஒரு சாரம், ஒரு மெல்லிய துவாய் போதும். பை 8 கிலோவுக்குள் நின்றால் மேலே சொன்ன பஸ், ரயில் எல்லாம் உங்களுக்குச் சாத்தியமாகும். 14 கிலோ என்றால் முதல் நாளே ஓட்டோதான்.

வருவதும் போவதும்

கட்டுநாயக்கா விமான நிலையம் கொழும்பிலிருந்து சுமார் 32 கிலோமீற்றர். பகலில் இறங்கினால் நெடுஞ்சாலை வழியாக வரும் 187இல் ஏறிப் புறக்கோட்டை, அங்கிருந்து நடந்து கோட்டை நிலையம், ரயிலில் வெள்ளவத்தை. மாலை அலுவலகக் கூட்ட நேரமென்றால் நிலையத்தில் தேத்தண்ணி குடித்துவிட்டு 7 மணிக்கு மேல் ஏறுங்கள். விமானம் நள்ளிரவில் வந்தால் அந்த இரவைக் கொழும்புக்குக் கொண்டுவர வேண்டாம். நள்ளிரவு டாக்சிக் காசில் நீர்கொழும்பிலோ கட்டுநாயக்காவிலோ ஓர் அறை எடுத்துத் தூங்கிவிட்டுக் காலையில் வரலாம்.

யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு வெள்ளவத்தையில் இன்னொரு வசதி இருக்கிறது. இரவு சொகுசு பஸ்கள் காலி வீதியில் இங்கிருந்தே ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். அறையைக் காலையில் விட்டாலும் பையை வீட்டுக்காரரிடம் வைத்துவிட்டு, மாலையில் காலிமுகத்திடலில் இறால் வடை சாப்பிட்டுவிட்டு, திரும்பிக் குளித்து பஸ் ஏறலாம். குளியலறையைப் பயன்படுத்த விடுவார்களா என்பதை அறை எடுக்கும் நாளிலேயே கேட்டுவிடுங்கள். விடைபெறும் நேரத்தில் கேட்டால், அந்த அறைக்கு அடுத்த ஆள் ஏற்கெனவே வந்திருப்பார். விமான நிலையத்துக்கு என்றால், வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர் விமான நேரத்துக்கு ஐந்து மணி நேரம் முன்னதாகப் புறப்பட வேண்டும். மாலைக் கூட்ட நேரத்தில் விழுந்தால் ஐந்தரை.